இரவல் கைத்தடி

சாகாய்,
நவம்பர் 12, 1998

மதிப்பிற்குரிய தோகிவா அம்மாவுக்கு,

கமினோசே மலையில் இலையெல்லாம் உதிர்ந்து, காலையில் வாசல் கல்லில் உறைபனி படியத் தொடங்கியிருக்கும். நலமாக இருக்கிறீர்களா? பருவத்தைச் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் எதைச் சொல்லித் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

என் கணவர் யசுஹிதோவைத் தேடுவதை நிறுத்திவிட்டதாகத் தீயணைப்புப் படைத் தலைவர் இசோமுரா ஐயா தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு அவரே மன்னிப்பும் கேட்டார். யார் யாரிடம் கேட்பது! யுகிஷிரோ அருவியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிய ஒரு மனிதருக்காக உங்கள் ஊர் ஆண்களெல்லாம் ஒரு வாரம் வேலையை விட்டுவிட்டு மழையில் மலை ஏறினார்கள். நீங்கள் அத்தனை பேருக்கும் சோறு வடித்துப் போட்டீர்கள். தோஃபு கடை ஒகுதா ஐயா பாறையில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். நான் வீடு வீடாக வந்து தலைகுனிந்து நின்றபோது ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இத்துடன் சிவப்புப் பயறு இனிப்பு அனுப்பியிருக்கிறேன். எல்லார் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.

ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள். சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். சோற்று உருண்டை கட்டிக் கொடுத்த துணி நீலம், அதில் வெள்ளைக் குருவிகள் பறக்கும். ஒரு மூலை கிழிந்துபோய் மஞ்சள் நூலால் தைத்திருப்பேன். நீல நூல் அன்றைக்கு வீட்டில் இல்லை.

கடைசியாக அவரோடு பேசியவர் நீங்கள்தான். அவர் என்ன சொன்னார், எப்படி இருந்தார் என்று எழுத முடியுமா? எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அன்று காலை அவர் சொன்னது, "உமே ஊறுகாய் ரெண்டு வெச்சிடு" என்பது மட்டும்தான்.

ஊருக்குப் போனவர்களுக்கு வீட்டில் தட்டு வைப்போமே, அதுபோலத் தினமும் அவர் இடத்தில் சாப்பாடு வைக்கிறேன். கப்பலில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு அம்மா வைப்பாள். சூப் கிண்ணத்து மூடியின் உள்ளே நீர் முத்துக் கோத்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பாள். சுடச்சுட ஊற்றினால் கோக்காமல் என்ன செய்யும்? தெரிந்தேதான் சுடச்சுட ஊற்றுகிறேன்.

எங்கள் மகள் கனாயே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வரப்போகிறேன் என்கிறாள். உங்கள் விடுதியில் ஒரு மூலையில் படுக்க இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நிஷிவாகி அகிஹோ


கமினோசே,
நவம்பர் 24

அகிஹோ அம்மாவுக்கு,

"தோகிவா அம்மா" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அறுபத்தாறு, உங்களுக்கு ஐம்பத்தொன்று. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் உங்களைப் பெற்றிருக்க வேண்டும். அக்கா என்று எழுதினால் போதும்.

இனிப்பை எல்லார் வீட்டுக்கும் கொடுத்துவிட்டேன். ஒகுதா கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து முழு டப்பாவையும் முடித்தான். "அக்கா, இன்னொரு கால் சும்மாதான் இருக்கு. அதையும் ஒடிச்சுக்கிட்டா இன்னொரு டப்பா வருமா?" என்றான். அவனைப் பற்றிக் கவலை வேண்டாம். அவன் தோஃபு முன்பே கல் மாதிரிதான் இருக்கும்.

அன்று காலை நடந்ததைக் கேட்டீர்கள். மலையடிவாரத்தில், அருவிக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பும்போது போட்டுவிட்டுப் போகிற மூங்கில் கழிப் பெட்டி இருக்கிறதல்லவா? சிவந்த இலைகளைப் படம் பிடிக்க ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து அத்தனை கழியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் காரை அங்கே நிறுத்திவிட்டு என் விடுதிக்கு நடந்து வந்தார்.

"கழி ஒண்ணு இரவல் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும். இது என்ன ஷூ? ஆபீசுக்கா போறீங்க, அருவிக்கா?"

"ஆபீசுக்கு இதவிட நல்லது வெச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

"கரடி ஷூவப் பாத்து மரியாதை குடுக்காது. இந்தாங்க, இதுல மணி கட்டியிருக்கு. ஆட்டிக்கிட்டே போங்க."

அது செத்துப்போன என் வீட்டுக்காரருடைய கைத்தடி. யாருக்கும் கொடுப்பதில்லை. ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை, அவர் நின்ற மாதிரி அப்படி. இரண்டு கையாலும் வாங்கினார்.

"கண்டிப்பா கொண்டாந்து வெச்சிடறேன்" என்றார்.

"கொண்டாராம எங்க போகப்போறீங்க? போன வழியிலதான வந்தாகணும்."

"வேற பக்கமா இறங்க வழியே கிடையாதா?"

"ஏன், போன வழியில திரும்பி வர வெக்கமா?"

நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். மணிச்சத்தம் வளைவு திரும்பும்வரை கேட்டது. அவ்வளவுதான் அம்மா. சோகமாகவும் தெரியவில்லை, சந்தோஷமாகவும் தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகம் மாதிரி இருந்தது.

கனாயே வந்தாள். இசோமுராவுக்கு மரம் வெட்டுகிற வேலை வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை நானே அவளோடு போனேன். என் முழங்கால் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. தேவதாரு மரங்களுக்குள் முதல் ஏற்றம் ஏறும்போது நான் வாயை மூடாமல் பேசினேன். கரடிக்கும் கேட்க வேண்டும், அவளுக்கும் கேட்க வேண்டும். அவள் ஒவ்வொரு மரப்பாலத்திலும் மண்டியிட்டுக் கீழே பார்த்தாள். சிவப்புத் துண்டு கட்டிய ஜிசோ சாமிக்கு முன்னால் ஒரு மிட்டாய் வைத்தாள். "அப்பாவுக்கு இந்த மிட்டாய்தான் பிடிக்கும், சாமிக்குப் பிடிக்குமான்னு தெரியல" என்றாள். சங்கிலியைப் பிடித்து ஏறும் பாறையில் எனக்கு முன்னால் போய்க் கை நீட்டினாள். நல்ல பிள்ளை.

அருவிக்கு எதிரே போய் நின்றதும் சாரலில் இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். அவள் தண்ணீரைப் பார்த்து "அப்பா" என்று கத்தினாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன். இன்னும் கத்தினாள், குரல் கட்டும்வரை. நான் என்ன செய்வேன், சோற்று உருண்டையை எடுத்து நீட்டினேன். தின்றாள். அழுதுகொண்டே மூன்றைத் தின்றாள்.

அருவிக்குக் கீழே தண்ணீர் ஆழமாகத் தேங்கும் கசத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
தோகிவா


சாகாய்,
டிசம்பர் 5

அன்புள்ள தோகிவா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். "நன்றாகத் தூங்கி எழுந்தவர் முகம்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வீட்டில் அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

கனாயேவிடம் சொன்னேன். நான் சொன்னால் எடுபடவில்லை. "நீ அப்பாவ விட்டுட்ட, நான் விடமாட்டேன்" என்கிறாள். ரொட்டிக் கடை வேலையில் பாதி நாள் விடுப்பு. கயிறும் இரும்புக் கொக்கிகளும் வாங்கி வைத்திருக்கிறாள். குளிர்காலத்தில் அருவியில் தண்ணீர் குறையுமாம், அப்போது மேலிருந்து கயிற்றில் கசத்துக்கு இறங்கிப் பார்க்கப் போகிறாளாம். கயிற்றைப் பிடிக்கக்கூடத் தெரியாதவள். கணவரை அந்த மலைக்குக் கொடுத்துவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முயல்கிறேன், அக்கா. மகளையும் கொடுக்க என்னால் முடியாது.

இது புத்தாண்டு அட்டைகள் எழுதுகிற மாதம். துக்க வீடு என்றால் இந்த முறை வாழ்த்து இல்லை என்ற அறிவிப்பு அட்டை இந்நேரம் எல்லாருக்கும் போயிருக்க வேண்டும். துக்கம் இல்லாத வீடு என்றால் வாழ்த்து எழுத வேண்டும். எங்கள் வீடு எந்த வகை? தபால் நிலையத்தில் இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் இருமினார். இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. உங்கள் கணவரின் நினைவாக இருந்த கைத்தடியும் அவரோடு போய்விட்டதே. அதற்கு ஈடாக எதைக் கொடுப்பது? யசுஹிதோ இரவல் விஷயத்தில் ஒரு பைத்தியம். நூலகப் புத்தகத்தைப் படித்து முடிக்காவிட்டாலும் தவணைக்கு முன்னால் கொடுத்துவிடுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் மழையில் குடை கொடுத்தார். இவர் வீட்டுக்கு வந்ததும், மழை கொட்டும்போதே, அந்தக் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பினார். "மழை விட்டப்புறம் குடுத்தா என்ன?" என்றேன். "அடுத்தவங்க சாமான் வீட்ல இருந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அப்படிப்பட்டவர் உங்கள் கைத்தடியைத் திருப்பித் தரவில்லை என்பதிலிருந்தே எனக்குத் தெரிகிறது. அவர் இறந்துவிட்டார், அக்கா. கனாயேவிடம்தான் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
அகிஹோ


கமினோசே,
டிசம்பர் 15

அகிஹோ அம்மாவுக்கு,

கைத்தடியைப் பற்றி இனி எழுத வேண்டாம். அது பழைய குச்சி.

மலையில் பனி விழுந்துவிட்டது. மரப்பாலங்கள் கண்ணாடியாக இருக்கின்றன. கனாயேவை இனி அனுப்ப வேண்டாம். விடுதியில் அறை இல்லை. வசந்தம்வரை மூடி வைக்கப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோகிவா


சாகாய்,
டிசம்பர் 28

தோகிவா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஒரு உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் என்ன தப்பு எழுதினேன் என்று என் கடிதத்தை நினைவிலிருந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கைத்தடிக்கு ஈடு என்று எழுதியது உங்களைப் புண்படுத்திவிட்டதா? அல்லது ஊரில் யாராவது, ஒரு சாகாய்க்காரனால் நமக்கு இவ்வளவு தொல்லையா என்று பேசுகிறார்களா? பேசினால் நியாயம்தான். நீங்கள் எனக்கு நேராகச் சொல்லலாம்.

ஆனால் கனாயேவுக்குக் கதவைச் சாத்தியதை என்னால் விழுங்க முடியவில்லை. போன ஞாயிறு அவள் வந்தபோது "அறை இல்ல, திரும்பிப் போ" என்று சொன்னீர்களாமே. "புகைக்கூண்டுல புகை போகுது, வாசல்ல யாரோட ஷூவோ ரெண்டு ஜோடி கிடக்குது, அறை இல்லையாம்" என்று வந்து சொன்னாள். மலையடிவாரத்தில் காருக்குள்ளேயே படுத்திருக்கிறாள். விரல் நுனிகள் நீலம் பாரித்துப்போய் வந்தாள். வெந்நீரில் கையைப் பிடித்துவைத்துத் தேய்த்துவிட்டேன். பத்து வயதுக்குப் பிறகு அவள் கையை நான் அப்படிப் பிடித்ததில்லை. அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புத்தாண்டு விடுமுறைக்குத் தனியாகப் போகிறாள். இந்த முறை கயிற்றோடு. நான் வாசலை மறித்து நின்றேன். "நீ தட்டு வெக்கிற, நான் தேடறேன். ரெண்டும் ஒண்ணுதான், விடு" என்றாள்.

நீங்கள் அவளோடு அருவிவரை ஏறினவர். அவள் அழுதபோது சோறு கொடுத்தவர். உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அவளைத் தடுத்து நிறுத்துங்கள். தடுக்க முடியாவிட்டால் கதவையாவது திறந்துவிடுங்கள். இரண்டும் முடியாதென்றால் காரணத்தைச் சொல்லுங்கள்.

அகிஹோ


கமினோசே,
ஜனவரி 5, 1999

அகிஹோவுக்கு,

இனி நீ என்றே எழுதுகிறேன். இதை நீங்கள் போட்டு எழுத எனக்கு வராது.

முதலில் கனாயே நன்றாக இருக்கிறாள். மூன்றாம் தேதி காலை அவள் கார் போவதைப் பார்த்தேன். பனியில் சறுக்காமல் இருக்கக் காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். அருவிக்கு மேலே, ஒரு தேவதாரு மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதி அருவி உறைந்து வெள்ளைத் தூணாக நின்றது. நான் போய் அந்தக் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிங்க" என்றாள்.

"மாட்டேன்."

"உங்களுக்கு என்ன வேணும்? வீட்டத்தான் சாத்திட்டீங்களே!"

"மூட்டு வலி. உக்காந்தா எந்திரிக்க முடியல. என்னத் தள்ளிட்டு வேணா எடுத்துக்கோ."

கொஞ்சநேரம் என்னை முறைத்தாள். பிறகு என் பக்கத்தில் பனியில் உட்கார்ந்து, "அப்பா குளிர்ல கிடக்காரு, அக்கா" என்றாள். உங்கப்பா குளிரில் கிடக்கவில்லையடி என்று வாய்வரை வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் அவளிடம் எப்படிச் சொல்வது? நாக்கைக் கடித்துக்கொண்டு அவளைக் கீழே இறக்கி, சோறு போட்டு, அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அகிஹோ, அந்தக் கைத்தடி என்னிடம் இருக்கிறது.

டிசம்பர் நடுவில், வருடக் கடைசிக்கென்று ஒட்டடை அடிக்கும் நாளில் பின்கட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். வாசலில் குடை போடும் பெரிய மண் ஜாடி அங்கே கிடந்தது. தேடுதல் நடந்த வாரம் முழுக்க மழை. ஆளாளுக்குக் குடையையும் கழியையும் அதில் திணித்தார்கள். எல்லாம் முடிந்ததும் நான் அதைப் பார்க்காமலே கொட்டகையில் தள்ளிவிட்டேன். உன் கடிதத்தில் குடைக் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு மனது ஒரு மாதிரியாக இருந்தது. ஜாடியைக் கவிழ்த்தேன். அடியில், எல்லாவற்றுக்கும் முதலில் போட்டதாக, அது கிடந்தது. மண் இல்லை. முனையைக் கழுவித் துடைத்திருந்தது. மணியைச் சுற்றி ஒரு துணி, சத்தம் வராதபடி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. நீலத் துணி, வெள்ளைக் குருவி, மூலையில் மஞ்சள் நூல்.

வேறு யாராவது கண்டெடுத்துக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஊரே தேடும்போது கண்டெடுத்தவன் வாயை மூடிக்கொண்டா இருப்பான்? அவர் அன்றே இறங்கி வந்திருக்கிறார். நான் பின்னால் அடுப்படியில் இருந்தேன். வாசலில் கைத்தடியை வைத்துவிட்டு, மணி காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு, காரை அங்கேயே விட்டுவிட்டு, இலை பார்க்க வந்த கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அன்றைய கூட்டத்தில் யார் முகத்தை யார் பார்த்தது? செத்ததாக எல்லாரும் நினைக்க வேண்டும் என்று திட்டம் போட்ட மனிதனால், ஒரு இரவல் கழியைக் காட்டில் எறிய முடியவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. அந்த ஆள் என் கையில் கிடைத்தால் அந்தக் கைத்தடியாலேயே நாலு சாத்து சாத்துவேன். ஒகுதா இன்னும் நொண்டுகிறான். இசோமுரா மனசு கேட்காமல் வேலை முடிந்ததும் தனியாக மலை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறான். நானோ, அதைக் கண்டெடுத்த அன்று உனக்கு அந்த உள்ளங்கைக் கடிதத்தை எழுதினேன். பெண் வராமல் இருந்தால் மலை அவளை விட்டுவிடும், நீயும் அவரைச் செத்தவராகவே நினைத்துக் கொஞ்ச நாளில் ஆறிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். செத்தவன் பெண்டாட்டி என்றால் ஊர் கையெடுத்துக் கும்பிடும். விட்டுவிட்டுப் போனவன் பெண்டாட்டி என்றால் என்ன சொல்லும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் நான் கோயிலுக்குப் பின்னால் உள்ள கல்லைக் காட்டுவேன். அவர் அங்கிருந்து எங்கும் போகமாட்டார். சொன்னால் உனக்கு அதுகூட இல்லாமல் போய்விடுமே என்றுதான் மறைத்தேன்.

ஆனால் கயிற்றைக் கட்டிய அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்த பிறகு மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. மணியைக் கழற்றித் துணியோடு அப்படியே அனுப்பியிருக்கிறேன். ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

என்னோடு இனிப் பேசமாட்டாய் என்றாலும் சரி, மகள் உயிரோடு இருக்கட்டும்.

தோகிவா


சாகாய்,
ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்தது. நன்றி என்று எழுதக் கை வரவில்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு, உங்கள் மேல் கோபமும் ஒரு காரணம். மூன்று வாரம் என் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மூன்று வாரம் என் மகள் பனியில் கிடந்தாள். இதை நான் மறக்க நாளாகும். நீங்கள் கயிற்றின் மேல் உட்கார்ந்ததையும் மறக்கமாட்டேன். இரண்டையும் எழுதிவிட்டேன், இனி மனதில் இல்லை.

துணியை மேசையில் வைத்துவிட்டுக் கனாயே வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். தனியாக அவிழ்க்கப் பயமாக இருந்தது. அவள் உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தாள். இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு. இருபத்தைந்து வருடமாகச் சாப்பாட்டுத் துணியை அவர் அப்படித்தான் கட்டித் திருப்பித் தருவார். நான் அவிழ்த்ததும் மணி என் சமையலறையில் ஒலித்தது. எவ்வளவு பெரிய சத்தம் அக்கா அது! இரண்டு பேரும் பயந்துபோனோம். துணியின் மடிப்பில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

கனாயே அந்தப் பருக்கையை நகத்தால் எடுத்துப் பார்த்தாள். "சாப்பிட்டிருக்காரும்மா" என்றாள். "அருவிக்கு முன்னால உக்காந்து, நீ கட்டிக் குடுத்ததச் சாப்பிட்டிருக்காரு. சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் போயிருக்காரு." பிறகு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, நான் பிடித்துக்கொண்டேன். இந்த முறை தள்ளிவிடவில்லை. "நான் அங்க போய்க் கத்தினேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அக்கா முன்னால, முட்டாள் மாதிரி கத்தினேனே." கயிறும் கொக்கிகளும் மறுநாள் குப்பைக்குப் போயின.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டேன். வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தில் போயிருந்தால் தாங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். துக்க அட்டை, வாழ்த்து அட்டை இரண்டும் இல்லாமல், கடுங்குளிரில் நலம் விசாரிக்கும் அட்டையை எல்லாருக்கும் அனுப்பினேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதினேன்.

ஊரில் சொல்வது என் இஷ்டம் என்றீர்கள். நானே வந்து சொல்வேன். ஏப்ரலில் அருவிப் பாதையைச் சீர் செய்ய வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வருவீர்களே, அன்று நானும் கனாயேவும் வருகிறோம். போன முறை செத்தவர் மனைவியாக வீடு வீடாகத் தலைகுனிந்தேன். இந்த முறை உயிரோடு இருப்பவர் மனைவியாகக் குனிய வேண்டும். இது அதைவிடக் கஷ்டம். ஆனால் இசோமுரா ஐயா இனி ஒருநாள்கூடத் தனியாக மலை ஏறக் கூடாது. ஒகுதா ஐயா என்னைத் திட்டட்டும், இனிப்பு டப்பாவும் கொண்டுவருவேன். வேலை முடிந்ததும் எனக்கு அந்த அருவியைக் காட்டுங்கள். நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை.

மணியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்காரர் கைத்தடியில் கட்டிவிடுங்கள். துணியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், அது என்னுடையது. அவர் ஒருநாள் உங்கள் வாசலுக்கு வந்தாலும் வருவார், நன்றி சொல்லாமல் போனது அவரை உறுத்தும். வந்தால் அடிக்க வேண்டாம். டீ கொடுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

இரவல் வாங்கியதையெல்லாம் துடைத்துக் கொண்டுவந்து வைக்கிற மனிதர். நானும் கனாயேவும் இரவலாக இருந்திருந்தால் எங்களிடமும் வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பாரோ என்று சில நேரம் தோன்றுகிறது. சொந்தமாகிப் போய்விட்டோம்.

அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நாளெல்லாம் அவருக்குச் சோறு வைத்தேன், அக்கா. சுடச்சுட சூப் ஊற்றி மூடியைத் திறந்து பார்த்தேன். இருக்கிறார் என்று தெரிந்த அன்று சாயங்காலம் வழக்கம்போல மூன்று தட்டு எடுத்தேன். மூன்றாவதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, கனாயேவைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அகிஹோ